பாட்டம் வால்வு

திண்டிவனம் பைபாஸில் டீக்கடைகளுக்கு எதிரே வரிசையாக நிற்கும் டேங்கர்களில் எது பால், எது பாமாயில், எது அமிலம் என்று உற்றுப் பார்ப்பவர்கள் குறைவு. சென்னையிலிருந்து தெற்கே இறங்கும் சரக்கு வண்டிகளில் பெரும்பாலானவை இந்த ஊரைத் தொட்டுத்தான் போக வேண்டும். பழைய 45ஆம் எண் நெடுஞ்சாலை இங்கேதான் கிளை விடுகிறது. ஒன்று புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு, ஒன்று விழுப்புரம் வழியாகத் திருச்சிக்கு, மேற்கே ஒன்று செஞ்சி, திருவண்ணாமலைக்கு. மணலி, எண்ணூர் ஆலைகளில் ஏற்றியது கடலூர் சிப்காட்டுக்குப் போகிறது. காரைக்கால் பக்கத்திலிருந்து காஸ்டிக் சோடா வடக்கே வருகிறது. திண்டிவனத்தில் பெரிய ரசாயன ஆலை என்று எதுவும் கிடையாது. ஆனால் இரண்டு பக்கத்து ஆலைகளின் சரக்கும் இந்த ஊர் வழியாகத்தான் உருண்டு போகிறது.

அப்படிப் போகும் வண்டிகளில் ஏதாவது ஒன்று வழியில் ஒழுகத் தொடங்கினால் யாரிடம் போவார்கள்? இந்தக் கேள்விதான் என்னை அந்தத் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெயர்ப்பலகை கிடையாது. சுவரில் சுண்ணாம்பால் 'டேங்கர் வேலை' என்று எழுதி, கீழே ஒரு கைபேசி எண். உள்ளே கழற்றிப் போட்ட வால்வுகள், ஃபிளாஞ்சுகள், டெஃப்லான் வளையங்கள், ஒரு மூலையில் மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்புத் தூள். மேஸ்திரிக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். சிறுவயதில் மணலியில் ஒரு லைனிங் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். அங்கேயே வேலை பழகி, கல்யாணமான பிறகு சொந்த ஊர்ப் பக்கம் வந்துவிட்டார். இப்போது கூட வேலை செய்வது அக்கா மகன். "மாமா, போல்ட்டு துருப்பிடிச்சிருக்கு" என்று அவன் கூப்பிட, "அதுக்கு இன்னாடா இப்ப, எண்ணெய் உட்டு வெய்யி" என்று இவர் பதில் சொல்ல, வேலை நடக்கிறது.

நான் போன நேரத்தில் ஓர் அமில டேங்கர் வந்து நின்றது. பின்பக்கம் அடியில் இருக்கும் வெளியேற்று வால்வை இவர்கள் பாட்டம் வால்வு என்கிறார்கள். அதன் கைப்பிடித் தண்டைச் சுற்றி ஈரம். துளி விழவில்லை. ஆனால் கீழே இருந்த இரும்புச் சட்டத்தில் பெயிண்ட் கொப்புளம் கட்டி, மஞ்சளாக வடிந்த தடம் இருந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து, "லோடு எறக்கியாச்சு, காலி வண்டிதான். கிளாண்டுல கசியுதுண்ணா" என்றார். தண்டைச் சுற்றிப் பேக்கிங் அடைத்திருக்கும் இடம்தான் கிளாண்டு.

மேஸ்திரி வண்டியைத் தொடவே இல்லை. "இன்னா ஆசிட்டு?"

"ஆசிட்டுதாண்ணா."

"அதான்பா, இன்னா ஆசிட்டு? பேப்பர எடு."

இந்தக் கேள்வியில்தான் இந்தத் தொழிலின் பாதி இருக்கிறது. ஓட்டுநர்கள் பலருக்கு ஹைட்ரோகுளோரிக்கும் ஆசிட்தான், கந்தக அமிலமான சல்ஃபியூரிக்கும் ஆசிட்தான். வால்வுக்கு அப்படியில்லை. 98 சதவீதக் கந்தக அமிலத்தைச் சாதாரண இரும்பு டேங்கிலேயே கொண்டுபோகலாம். அமிலம் பட்டதும் இரும்பின் மேல் சல்ஃபேட் படலம் ஒன்று படிந்து, அதற்கு மேல் அரிக்கவிடாமல் காக்கிறது. அதே அமிலத்தில் தண்ணீர் கலந்து நீர்த்துப்போனால் படலம் கரைந்து இரும்பைத் தின்னத் தொடங்கிவிடும். டேங்க் உச்சியில் மூடாமல் விட்ட மேன்ஹோல் வழியாக ஒரு மழை போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு இந்தப் பேச்சே கிடையாது, எந்த அடர்த்தியிலும் இரும்பைத் தின்னும். அதனால் உள்ளே ரப்பர் லைனிங் போட்ட டேங்க், அல்லது ஃபைபர் டேங்க். வால்வின் உட்புறமும் டெஃப்லான் வகைப் பூச்சு. லைனிங்கில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால்கூட அமிலம் உள்ளே நுழைந்து, வெளியே தெரியாமல் இரும்பைக் குடைந்துகொண்டே போகும். ஒழுகி வரும் அமிலம் மஞ்சளாக இருந்தால் அதில் இரும்பு கரைந்திருக்கிறது என்று அர்த்தம். கடைச்சரக்கு அமிலமே சற்று மஞ்சள்தான், ஆகவே நிறத்தை மட்டும் வைத்து இவர் முடிவு கட்டுவதில்லை. லைனிங்கில் சந்தேகம் வந்தால் பட்டறைக்கு அனுப்பிவிடுவார். அங்கே உயர் மின்னழுத்தக் கருவியை ரப்பர் மேல் நகர்த்திக்கொண்டு போவார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் பொறி தெறிக்கும்.

காகிதம் வந்தது. ஹைட்ரோகுளோரிக். வண்டியின் பக்கவாட்டுப் பலகையிலும் 1789 என்ற எண் இருந்தது, அந்த அமிலத்துக்கு ஐ.நா. கொடுத்த எண் அது. மேஸ்திரிக்கு இந்த எண்கள் மனப்பாடம். 1830 கந்தக அமிலம், 1824 காஸ்டிக் கரைசல், 1791 ஹைப்போ.

"அதுக்கு முன்னாடி லோடு இன்னா?" என்று அடுத்துக் கேட்டார். ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், ஏற்றிய வண்டியைச் சரியாகக் கழுவாமல் அமிலம் ஏற்றினால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். டேங்க்கைக் கழுவியிருப்பார்கள், வால்வின் உள்மடிப்பைக் கழுவியிருக்கமாட்டார்கள் என்பது அவர் அனுபவம். ஓட்டுநர் இரண்டு லோடும் ஒரே சரக்குதான் என்று உறுதி சொன்ன பிறகுதான் ரப்பர் ஏப்ரனைக் கட்டினார், முகக்கவசத்தை இறக்கினார்.

அடுத்து அவர் செய்தது எனக்குப் புதிது. வால்வைக் கழற்றுவதற்கு முன் அடியில் சுண்ணாம்பு போட்ட பிளாஸ்டிக் தொட்டியை வைத்துவிட்டு, கைப்பிடியைப் பாதி மட்டும் திருப்பினார். காலி வண்டி என்று சொன்னார்களே, அதிலிருந்து ஒரு டம்ளர் அளவு அமிலம் புகையோடு கொட்டியது. பந்து வால்வுக்குள் துளையிட்ட ஓர் உருண்டை இருக்கிறது. துளை குழாயோடு நேராக நின்றால் திறப்பு, குறுக்கே நின்றால் அடைப்பு. அடைத்த நிலையில் துளைக்குள் அகப்பட்ட திரவம் அங்கேயே சிறைப்பட்டுக் கிடக்கும். டேங்க் காலியாகும், தொட்டுப் பார்த்தால் குழாய் காய்ந்திருக்கும், உருண்டைக்குள் மட்டும் அமிலம் இருக்கும். இதை அறியாமல் போல்ட்டைக் கழற்றி, முகத்துக்கு நேரே வால்வை இழுப்பவர்கள் கண்ணை இழக்கிறார்கள். அவருடைய இடது முன்கையில் ஒரு நீளத் தழும்பு. "அது இந்த வால்வு இல்ல சார், காஸ்டிக்கு" என்றார். காஸ்டிக் பட்டவுடன் எரியாது, வழுவழுப்பாகத்தான் இருக்கும். எரிச்சல் தெரிவதற்குள் தோல் வெந்துபோயிருக்கும். காஸ்டிக் வண்டியில் கிளாண்டு கசிந்தால் அங்கே வெள்ளையாக உப்புப் பூக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சோடா உப்பாக மாறுவதுதான் அது. "பூத்திருந்தா தொடைக்காதன்னு பையங்கிட்ட சொல்லிக்கினே இருப்பேன். அதான் நமக்கு அடையாளம்."

தண்டின் பழைய பேக்கிங் நைந்து கருத்திருந்தது. புதிய டெஃப்லான் வளையங்களை ஒவ்வொன்றாக, வெட்டுவாய்கள் ஒரே கோட்டில் வராதபடி மாற்றி மாற்றி அடுக்கினார். வேலையில் அவர் நேரம் எடுத்துக்கொண்ட இடம் வால்வைக் குழாயோடு இணைக்கும் ஃபிளாஞ்சு போல்ட்டுகள்தான். ஒரு போல்ட்டை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. எதிரும் புதிருமாக, சிறிது சிறிதாக, சுற்றிச் சுற்றி வந்தார். டெஃப்லான் இறுக்கினால் நெகிழ்ந்து ஒதுங்கும் பொருள். பலம் காட்டினால் ஒருபக்கம் பிதுங்கி மறுபக்கம் இடைவெளி விடும். மருமகன் ஸ்பேனரில் குழாயைச் செருகி நீளமாக்கப் பார்த்தான். "எடுடா அத. லாரி சக்கரமா முடுக்குற?" என்று அதட்டு விழுந்தது. முடித்தபின் ஓட்டுநரிடம் ஒரு நிபந்தனை: முதல் லோடு ஏற்றி இறக்கியதும் இன்னொருமுறை போல்ட்டைப் பார்க்க வேண்டும், வெயிலில் விரிந்து சுருங்கியதில் தளர்ந்திருக்கும். "வரமாட்டான் சார்" என்றார் வண்டி போனபிறகு.

இவர் மறுக்கும் வேலைகளின் பட்டியல் செய்யும் வேலைகளை விட நீளம். அமில டேங்கில் வெல்டிங் வைக்கமாட்டார். அமிலம் இரும்போடு சேர்ந்தால் ஹைட்ரஜன் உண்டாகும். வெளியே வாடை அடிக்காது, உள்ளே ஒரு பொறி பட்டால் டேங்க் வெடிக்கும். டேங்க் உள்ளே ஆளை இறக்கமாட்டார். 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு நச்சுப்புகை உள்ள தொட்டியில் ஆள் இறங்குவதற்கு என்னென்ன முன்னேற்பாடு வேண்டும் என்று சொன்னது. இவர் அதைப் படித்தவரில்லை. மணலியில் கூட வேலை செய்த ஒருவரை மேன்ஹோல் வழியே தூக்கியதைப் பார்த்தவர். கழுவும் வேலையும் எடுப்பதில்லை, கழுவிய நீரை எங்கே விடுவது? இரவில் ஏரி ஓடையோரம் வால்வைத் திறந்துவிட்டுப் போகும் வண்டிகளைப் பற்றி அவரே சொன்னார். சீல் வைத்த வால்வையும் தொடமாட்டார். இந்தக் கடைசி விதிக்கு இந்த மாவட்டத்தில் தனிக் காரணம் உண்டு. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் சாராயம் என்று விற்றதைக் குடித்து மீனவக் குடும்பங்களில் சாவு விழுந்தது. அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆலைகளில் பயன்படும் மெத்தனால் அது என்று காவல்துறை அறிவித்தது. மறுவருடம் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைப் பறித்தது மெத்தனால்தான். அதுவும் டேங்கரில் போகும் சரக்குதான். வால்வில் தொங்கும் எண் பொறித்த சின்ன சீல் அறுபடாமல் இருப்பது எத்தனை உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கேஸ் வண்டி பக்கமும் போகமாட்டார். "அது வேற படிப்பு சார்." அந்த அடக்கம் சரியானது. அழுத்தக்கலன்களுக்கென்று 2016ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு மேற்பார்வை செய்கிறது. பாதுகாப்பு வால்வை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், கலனை ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், நச்சு வாயுவோ அரிக்கும் வாயுவோ என்றால் இரண்டாண்டுக்கு ஒருமுறை. இத்தனை இருந்தும் 2025 ஜனவரி 3ஆம் தேதி அதிகாலை கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் பதினெட்டு டன் சமையல் எரிவாயுவோடு ஒரு டேங்கர் கவிழ்ந்து கசிந்தது. சுற்றிலும் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே மணிக்கணக்கில் போராடித் தூக்கினார்கள், உயிரிழப்பு இல்லை. அதற்கு இரண்டு வாரம் முன்பு ஜெய்ப்பூரில் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. திரும்பிக்கொண்டிருந்த எரிவாயு டேங்கரின் மேல் லாரி மோதி, வெளியேற்றும் வால்வுப் பகுதி உடைந்தது. கிளம்பிய வாயு தீப்பிடித்துச் சாலையில் நின்ற வண்டிகளையெல்லாம் எரித்தது. டேங்கின் தடித்த சுவருக்கு எதுவும் ஆகவேண்டியதில்லை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு பாகம் போதும். ரயில் டேங்க் வேகன்களில் வெளிப்பக்க வால்வுக்கு மேல் உள்ளே இன்னொரு மாஸ்டர் வால்வு வைத்திருப்பது இதற்காகத்தான்.

நான் கடைசியாகக் கேட்டது அவர் கையில் இருக்கும் காகிதங்களைப் பற்றி. சிரித்தார். ஆபத்தான சரக்கு ஓட்டும் ஓட்டுநருக்கு மோட்டார் வாகன விதிகளின் 9ஆம் விதிப்படி மூன்று நாள் பயிற்சி வேண்டும், உரிமத்தில் அதைப் பதிய வேண்டும். வண்டிக்குத் தகுதிச் சான்று வேண்டும். பக்கவாட்டில் பலகை, அதில் எண், அவசரத் தொலைபேசி எல்லாம் வேண்டும். இருபதாயிரம் லிட்டர் அமிலத்தைத் தடுத்து நிறுத்தியிருக்கும் அந்த வால்வுக்கு பேக்கிங் போட்டவரிடம் மட்டும் இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. ஆர்டிஓவும் கேட்டதில்லை, வண்டி முதலாளியும் கேட்டதில்லை. முதலாளி கேட்பது எவ்வளவு ஆகும், எத்தனை மணிக்கு வண்டி கிளம்பும் என்ற இரண்டே கேள்விதான்.

இவருடைய கைத்திறனைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. இவர் கவனமானவர் என்பது நம் அதிர்ஷ்டம், ஏற்பாடு அல்ல. நான் பார்த்தபோது முகக்கவசம் ஒன்றுதான் இருந்தது, அதை இவர் போட்டிருந்தார். பக்கத்தில் நின்ற மருமகன் காலில் ரப்பர் செருப்பு. ஒரு பீப்பாய்த் தண்ணீர் இருந்தது, அமிலம் பட்டால் கால் மணி நேரம் விடாமல் கழுவ அது காணாது. இதே நெடுஞ்சாலையில் இன்னொரு கொட்டகையில் உருண்டைக்குள் அமிலம் நிற்கும் என்று தெரியாத ஒரு பையன் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

ரசாயன ஆலை பராமரிப்பு மெக்கானிக் என்று ஐடிஐ படிப்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து வால்வு, கேஸ்கெட், கழுவுதல், முதலுதவி ஆகியவற்றை மட்டும் பிரித்து, ஓட்டுநருக்குக் கொடுப்பதுபோலவே மூன்று நாள் பயிற்சியாக இவர்களுக்கும் கொடுக்கலாம், வேலை செய்து பழகியவர்களுக்கு நேரடித் தேர்வு வைத்துச் சான்று தரலாம். சான்று உள்ளவர் கைவைத்த வண்டியில்தான் சரக்கு ஏற்றுவோம் என்று கடலூரிலும் மணலியிலும் உள்ள ஆலைகள் தங்கள் வாசலிலேயே சொல்லிவிட்டால் முதலாளிகள் தாமாகவே வழிக்கு வருவார்கள். தொழிலாளர் நலத்துறையும் போக்குவரத்துத் துறையும் இதை விழுப்புரம் மாவட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும்.