ஓநாய் நதியும் சுழலும் தகடும்

ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து வடகாட்டிலே பிறந்து, மெனொமினி ஆதிகுடிகளின் வனத்தினூடே பாறைக்குப் பாறை தாவி, தெற்கே இறங்க இறங்கச் சாந்தமடைந்து, பொய்கன் என்னும் ஏரியிற் கலக்கும் ஆற்றுக்கு ஓநாய் நதி என்பது பெயர். பெயருக்கேற்ற சீற்றமெல்லாம் மேற்பகுதியில் மாத்திரமே உண்டு. பிரீமொன்ற் என்னும் சிற்றூரை அடையும்போது அது அகன்று, பால்விடாத தேநீரின் நிறத்தோடு மெல்ல நகருகின்றது. வடக்கேயுள்ள சதுப்புக் காடுகளின் இலையும் பட்டையும் ஊறிய சாயமே அந்நிறம்.

இவ்வூரார் தம்மூரை உலகத்தின் வெள்ளைப் பாஸ் தலைநகரம் என்று பெருமையுடன் அழைத்துக்கொள்கின்றனர். வெள்ளைப் பாஸ் என்பது வெள்ளிநிற மேனியில் நீளவாட்டில் கருங்கோடுகள் ஓடும் நன்னீர் மீன்; பெரும்பாலும் ஓரடி நீளத்துக்கு மேற்படாதது. வின்னிபேகோ முதலிய ஏரிகளில் மாரிகாலத்தைக் கழித்துவிட்டு, மே மாதத்தில் நீர் சூடேறத் தொடங்கியதும் கூட்டங்கூட்டமாக இவ்வாற்றில் ஏறிவரும். ஆண்மீன்கள் முன்னே வந்து காத்திருக்கப் பெண்மீன்கள் பின்னே வந்து சேரும். முட்டைகள் கல்லிலும் பூண்டிலும் ஒட்டிக்கொள்ளும். தாயுந் தந்தையும் அவற்றைத் திரும்பியும் பாராமல் ஏரிக்கு மீண்டுவிடும். இவையெல்லாம் சில வாரங்களுக்குள் முடிந்துவிடுவதால், அந்நாட்களில் ஊர் முழுதும் ஆற்றங்கரையிலேதான். கரையோரத்தே கட்டப்பட்ட மிதவைகளின்மேற் சிறு குடில் அமைத்து, குடும்பத்தோடு இரவுபகலாகத் தூண்டிலிடுவாரும் உளர்.

புலால் உண்ணாத நமக்கு மீனைவிட அதனைப் பிடிக்குங் கருவியே வியப்பளித்தது. ஸ்பின்னர் எனப்படும் இதில் மெல்லிய கம்பியொன்று அச்சாக நிற்கின்றது. அதன் மேற்பாகத்தில் கரண்டியின் குழிபோன்ற தகடு தொங்கும். நடுவிற் பாரமான உலோக உடல். கீழே மும்முனை முள். நீரினூடே இழுக்கும்போது தகடு அச்சைச் சுற்றிச் சுழன்று, ஒளியை வீசி, நீரை அதிரவும் செய்கின்றது. ஓடும் சிறுமீன் என்று மயங்கிப் பாஸ் பாய்கின்றது.

புதியவர்கள் தகட்டின் நிறத்தைப் பார்த்தே வாங்குவர். நிறம் வேண்டாமென்பதல்ல, தெளிந்த நீருக்கு வெள்ளியும், இவ்வாறு போன்ற கபில நீருக்குப் பொன்னிறமும் செம்பும் பொருந்தும். ஆனால் நிறத்துக்கு முன்னே நோக்கவேண்டியது பாரம். மீன் ஆற்றின் அடியை ஒட்டி நிற்கும்போது, தலைக்குமேலே மூன்றடி உயரத்தில் பொன் மின்னினால் என்ன, பித்தளை மின்னினால் என்ன?

ஒரு முதியவர் இதனை நமக்குச் செய்துகாட்டினார். முதலில் அரைக்கால் அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 3.5 கிராம், எடையுள்ளதை எறிந்தார். தகடு அழகாகச் சுழன்றது. நீரோட்டமோ அதை மேலே தூக்கிவிட்டது. அடுத்து அரை அவுன்ஸ். அது விழுந்தவுடனேயே மூழ்கிக்கிடந்த மரத்திற் சிக்கித் தங்கூசியோடு அறுந்தது. பின்னர்க் கால் அவுன்ஸ். ஓட்டத்துக்குக் குறுக்கே, சற்று மேற்புறமாக எறிந்து, அது தாழும்வரை மனத்துள் எண்ணி, தகட்டின் அதிர்வு கோலின் நுனியில் தெரியும் அளவுக்கு மாத்திரம் மெதுவாகச் சுற்றினார். நான்காம் எறிவிலே மீன் வந்தது. முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கி வைத்திருந்தமையால், காயம் பெருகாமல் அதனை ஆற்றுக்கே விட்டுவிட்டார்.

தகட்டின் வடிவமும் இக்கணக்கிற் சேரும். அகன்ற தகடு நீரை எதிர்த்து மேலெழும். ஆகையால் ஆழமற்ற, அமைதியான இடத்துக்கே ஏற்றது. ஒடுங்கிய தகடு அச்சை ஒட்டிச் சுழல்வதால் ஓட்டத்திலும் தாழ்ந்து நிற்கும். சுழற்சியால் தங்கூசி முறுக்கேறாதிருக்கச் சுழல்வளையம் ஒன்றும் இடையே வேண்டும்.

இதே நதிக்கு மேற்கே உள்ள அன்ரிகோ என்னும் ஊருக்கும் இக்கருவிக்கும் ஒரு பழைய உறவுண்டு. பிரான்ஸில் 1938இல் தோன்றிய மெப்ஸ் என்னும் ஸ்பின்னர் ஒன்றைப் போரிலிருந்து திரும்பிய போர்வீரர் ஒருவர் அவ்வூர்த் தூண்டிற்கடைக்காரர் ரொட் ஷெல்டனுக்குக் கொடுத்தார். 1951இல் ஒருநாள் வேறெதற்கும் மீன் அகப்படாதபோது ஷெல்டன் அதனை எறிந்து, இரண்டு மணி நேரத்துக்குள் நான்கு ட்ரவுட் மீன்களைப் பிடித்தாராம். பின்னர் நைலோன் காலுறைகளை அனுப்பிப் பிரெஞ்சுப் பெண்ணொருத்தியிடமிருந்து பண்டமாற்றாக ஸ்பின்னர்களை வருவித்தார்கள் என்பது அவ்வூர்க் கதை. அப்பெண்ணுக்குக் காலுறை போதும் போதுமென்றான பிறகே தயாரிப்பாளரை நேரே நாடினார்களாம்!

இனி, அறுந்துபோன அந்த அரை அவுன்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும். ஸ்பின்னரின் உடல் சிலவற்றில் ஈயம், சிலவற்றிற் பித்தளை. விஸ்கொன்சினின் வடபுறத்து ஏரிகளில் லூன் என்னும் நீர்ப்பறவை கூடுகட்டி வாழ்கின்றது. இரையை அரைப்பதற்காக அது சிறு கற்களை விழுங்கும் இயல்புடையது. கல்லென்று எண்ணியோ, அறுந்த தூண்டிலோடு திரியும் மீனை உண்டோ, ஈயத்துண்டு ஒன்றை விழுங்கினாலும் போதும். நஞ்சேறி அப்பறவை மடியும். பித்தளை ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஆதலால் அதே எடைக்கு உடல் சற்றுப் பருத்து, சற்றுத் தாமதமாகத் தாழும். எண்ணுகையில் ஒன்றிரண்டு கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். தங்குதன் ஈயத்தினும் அடர்த்தி மிக்கது, விலையும் மிக்கது.

ஆற்றங்கரைக் கடையில் இருவகையும் அருகருகே இருந்தன. ஈயத்தில் ஆனவை மலிவு. முதியவர் பித்தளையில் மூன்று எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் இவற்றில் இரண்டை அந்த மரம் வாங்கிக்கொள்ளும் என்று சொல்லிச் சிரித்தார்.