அப்பாவின் மணிக்கூட்டில் ஒரு சத்தம்

எங்கட வயது ஆட்கள் பலருக்கு ஒட்டோமற்றிக் மணிக்கூடு கடையிலிருந்து வருவதில்லை, வீட்டு அலுமாரியிலிருந்துதான் வருகிறது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போன அப்பாமாரும் மாமாமாரும் திரும்பி வரேக்க கட்டிக்கொண்டு வந்த சீக்கோ 5, சிட்டிசன் எல்லாம் இப்பவும் எத்தனையோ வீடுகளில் கிடக்கிறது. எடுத்து ஆட்டினால் ஓடும். சிலது ஓடும்போது சத்தமும் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு உள்ளுக்கு என்ன நடக்கிறது என்று ஓரளவுக்குச் சொல்லலாம். அப்பாவின் மணிக்கூட்டைத் திருத்தப் போய் நான் அறிந்துகொண்டது அது.

அப்பா கட்டாரில் மேசன் வேலை செய்தவர். 2002 இல் திரும்பி வரும்போது இந்தச் சீக்கோ 5 அவருடைய கையில் இருந்தது. பின்மூடியில் 7எஸ்26 என்று தொடங்கும் ஓர் இலக்கம் இருக்கிறது. அதற்குள் இருக்கும் மெசினின் பெயர் அது. இன்னொரு தொடர் இலக்கம் 14 இல் தொடங்குகிறது. சீக்கோவில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். அப்படியென்றால் அது 2001 சித்திரையில் செய்தது. வந்த பிறகும் அப்பா மேசன் வேலைதான். பூச்சு வேலை செய்யேக்கயும் கல் உடைக்கேக்கயும் மணிக்கூடு கையில்தான் இருந்தது.

இந்த வகை மணிக்கூட்டுக்குள் பற்றறி இல்லை. பின்பக்கத்தில் அரைவட்ட வடிவில் பாரமான ஓர் உலோகத் துண்டு இருக்கும். அதுதான் றோட்டர். கை ஆட அது நடுவிலிருக்கும் போல் பெயாரிங்கில் சுற்றும். அது சுற்றச் சுற்ற உள்ளிருக்கும் ஸ்பிறிங் முறுகும். அந்த ஸ்பிறிங் மெல்ல மெல்ல விரிவதால்தான் முள்ளுகள் ஓடுகின்றன. 7எஸ்26 முழுக்க முறுகியிருந்தால் கழற்றி வைத்தாலும் ஏறக்குறைய 40 மணித்தியாலம் ஓடும். கூட ஆட்டினால் ஸ்பிறிங் அறுந்துவிடும் என்று சிலர் பயப்படுவார்கள். அறாது. முறுகி முடிந்ததும் ஸ்பிறிங்கின் வெளி முனை வழுக்கிக் கொடுக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். ஆனால் இந்த மெசினுக்குத் திருகுப்பிடியால் சாவி கொடுக்க முடியாது. கை ஆடினால் மட்டும்தான் உயிர்.

போன வருடம் அப்பாவுக்கு முழங்கால் நோ கூடி வேலையை விட்டார். விறாந்தைக் கதிரையில் இருக்கத் தொடங்கினார். அதே காலத்தில்தான் மணிக்கூடும் சத்தம் போடத் தொடங்கியது. கையைத் தூக்கினால் கடகடவென்று ஒரு சத்தம், பிறகு எதையோ உரசுவது போல இன்னொன்று. விடியப் பார்த்தால் மணிக்கூடு நின்றிருக்கும். நாலு மணியிலோ ஐந்து மணியிலோ முள்ளு அப்படியே நிற்கும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் கழற்றி சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தவர், பிறகு கட்டவேயில்லை. அதுதான் எனக்கு ஒருமாதிரி இருந்தது.

முதலில் கொண்டுபோன கடையில் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "உள் மெசினைத் தூக்கிப்போட்டு பற்றறி மெசின் ஒண்டு போடுவம். பிறகு சத்தமுமில்லை, நிக்கிறதுமில்லை" என்று சொன்னார்கள். பார்க்கப்போனால் நியாயமான யோசனைதான். காசும் பெரிதாக இல்லை. ஆனால் சத்தம் எதனால் வருகிறது என்று கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை. மணிக்கூட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

றோட்டர் சத்தம் ஒன்றும் புதிய பிரச்சினை இல்லை. 1924 இல் ஜோன் ஹார்வூட் என்ற ஆங்கிலேயர் ஒட்டோமற்றிக் கைமணிக்கூட்டுக்குச் சுவிற்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். அதிலிருந்த பாரம் முழுவட்டம் சுற்றாது. கொஞ்சத் தூரம் போய் ஸ்பிறிங்கில் முட்டித் திரும்பும். கட்டியிருப்பவருக்கு அந்த முட்டல் கையில் தெரியும். 1931 இல் றோலெக்ஸ் முழுவட்டம் சுற்றும் றோட்டரைக் கொண்டுவந்தது. 1948 இல் எட்டேர்னா நிறுவனம் றோட்டரை ஐந்து சிறு குண்டுகள் உள்ள பெயாரிங்கில் ஏற்றியது. அந்த நிறுவனத்தின் சின்னத்தில் இன்றைக்கும் இருக்கும் ஐந்து புள்ளிகள் அந்தக் குண்டுகள்தான். 1959 இல் சீக்கோ 'மஜிக் லீவர்' என்ற இரட்டைக் கை நெம்புகோலைப் பாவிக்கத் தொடங்கியது. ஒரு கை பற்சில்லை இழுக்கும், மற்றது தள்ளும். அதனால் றோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஸ்பிறிங் முறுகும். 7எஸ்26 இற்குள் இருப்பதும் அதுதான்.

எல்லா மெசினும் அப்படியில்லை. சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 8215 ஒரு பக்கம் சுற்றும்போது மட்டும் முறுக்கும். மற்றப் பக்கம் றோட்டர் சும்மா வேகமாக ஓடும், அப்போது சர்ரென்று கேட்கும். 7750 என்ற சுவிஸ் மெசினிலும் இதே கதைதான், அதில் கை அதிர்வதுகூடத் தெரியும். இவை பழுதில்லை, அவற்றின் சுபாவம். ஆகவே சத்தம் கேட்டவுடன் பயப்படாமல் முதலில் பின்மூடி இலக்கத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாகப் போனது யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு ஸ்டூலும் மட்டும் உள்ள ஒரு ஐயாவிடம். அவர் மணிக்கூட்டை வாங்கிக் காதில் வைத்தார். பிறகு என்னிடமே தந்தார்.

"பிள்ளை, நீர் கேட்டுச் சொல்லும். திருப்பேக்க கேக்குதோ, கவிட்டேக்க கேக்குதோ?"

முகம் மேலே பார்க்கப் பிடித்து மெல்லச் சுழற்றினேன். மணல் அரைபடுவது போல ஒரு மெல்லிய சத்தம். கவிழ்த்தேன், டக் என்று ஒரு தட்டு. திரும்ப நிமிர்த்தினேன், இன்னொரு தட்டு.

"அப்ப ரெண்டு வருத்தம்" என்றார்.

அவர் சொன்னதை என் பாசையில் சொல்கிறேன். கவிழ்க்கும்போது தட்டுக் கேட்டால் ஏதோ ஒன்று மேலும் கீழும் அசைகிறது. ஒன்றில் றோட்டரின் நடுத் திருகாணி இளகியிருக்கும், அல்லது பெயாரிங் தேய்ந்திருக்கும், அல்லது மெசினைக் கூட்டுக்குள் இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்ரிக் வளையம் ஒழுங்காக இருக்காது. வளையம்தான் பிழையென்றால் றோட்டரில் கை வைக்கத் தேவையே இல்லை. சுழற்றும்போது மணல் சத்தம் கேட்டால் பெயாரிங்குக்குள் ஊத்தை, அல்லது அது காய்ந்துபோயிருக்கிறது. உரசல் சத்தம்தான் மூன்றிலும் கூடாதது. றோட்டரின் விளிம்பு மூடியிலோ கீழுள்ள தகட்டிலோ பட்டு உலோகத் தூள் கொட்டும். அந்தத் தூள் பற்சில்லுகளுக்குள் போனால் அரம் மாதிரி அராவும். திருகாணி முழுக்கக் கழன்று உள்ளே விழுந்தால் மெசின் சிக்கி நின்றுவிடும். உரசல் கேட்டால் திருத்தும்வரை கட்டாமல் இருப்பதுதான் நல்லது.

மூடியைத் திறந்தார். றப்பர் வளையத்தை எடுத்து ஒரு பக்கம் வைத்தார். மூடியின் உட்பக்கத்தில் பிறை வடிவில் ஒரு கீறல் மினுங்கியது. சாவண நுனியால் றோட்டரின் விளிம்பை மெல்ல அழுத்தினார். ஏலேலோ போல ஆடியது. நடுத் திருகாணியில் ஸ்குறூ டிறைவரை வைத்தார், விரலால் லேசாகத் திருப்பவே அது சுற்றிவிட்டது.

"அப்பா என்ன வேலை?"

"மேசன்."

"அப்ப சுத்தியல் அடிதான். அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் இது கொஞ்சம் கொஞ்சமா இளகியிருக்கும்."

றோட்டரைக் கழற்றி, பெயாரிங்கைப் பெற்றோல் மாதிரி மணக்கும் ஒரு திரவத்தில் கழுவினார். கறுப்பாகக் கரைந்து வந்தது. றப்பர் பந்தால் ஊதிக் காயவைத்து, கண்ணில் கண்ணாடிக் குழலை மாட்டி ஒவ்வொரு குண்டாகப் பார்த்தார். ஊசி நுனியளவு ஒயில் வைத்தார். வீட்டில் தையல் மெசின் ஒயில் விட்டால் என்ன என்று கேட்டேன். கூடப்போன ஒயில் தூசியைப் பிடித்து வைக்கும் என்றார். அதைவிட மோசம், பரவிப் போய் மயிர் போன்ற அந்த மெல்லிய சுருள் ஸ்பிறிங்கில் பட்டால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். பிறகு மணிக்கூடு கண்மண் தெரியாமல் வேகமாக ஓடும். தூளையெல்லாம் துடைத்து, றோட்டரை வைத்துத் திருகாணியை இறுக்கி, மூடியைப் பூட்டித் தந்தார்.

காதில் வைத்தேன். உரசல் இல்லை, தட்டும் இல்லை. ஆனால் சுழற்றும்போது மெல்லிய சத்தம் ஒன்று இன்னும் இருந்தது.

"அது போகாது" என்றார். "குண்டு கொஞ்சம் தேஞ்சிருக்கு. வேற மணிக்கூட்டில இருந்து றோட்டர் ஒண்டு எடுத்துப் போட்டால் சத்தம் குறையும். ஆனால் இது இன்னும் கனகாலம் ஓடும். என்ன செய்யிறது எண்டு நீங்கள் யோசியுங்கோ."

யோசித்தேன். இருபது வருடம் சுத்தியலோடு சுற்றிய பெயாரிங் அது. முதல் கடை சொன்ன வழியில் போயிருந்தால் சத்தமே இல்லாத மணிக்கூடு கிடைத்திருக்கும், ஆனால் அதற்குள் அப்பா கட்டாரில் வாங்கின எதுவும் இருந்திருக்காது. கெடுதல் செய்யும் சத்தம் போய்விட்டது. வயது போன சத்தத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

அப்பா திரும்பவும் கட்டினார். அடுத்த நாள் விடியப் பார்த்தால் மணிக்கூடு நின்றிருந்தது, நாலரை மணிக்கு.

எனக்குச் சரியான ஏமாற்றம். ஐயாவிடம் போன் எடுத்தேன். "ரெண்டு நாள் நீர் கட்டிப் பாரும். பிறகு கழட்டி வைச்சிட்டு எவ்வளவு நேரம் ஓடுது எண்டு எண்ணும்" என்றார். அப்படியே செய்தேன். சைக்கிளில் போய்வந்து, கடைக்கு நடந்து, இரண்டு நாளும் கையிலேயே வைத்திருந்து, சனிக்கிழமை இரவு 8 மணிக்குக் கழற்றி மேசையில் வைத்தேன். திங்கட்கிழமை காலை 11 மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. 39 மணித்தியாலம். மெசினில் ஒரு குறையும் இல்லை.

அப்பாவின் கையில் அது விடியுமுன் நிற்கிறதென்றால், பகல் முழுக்கக் கட்டியிருந்தும் அந்த ஓர் இரவுக்குத் தேவையான அளவுகூட அது முறுகவில்லை. கணக்கு அவ்வளவுதான். ஒரு நாளைக்கு அப்பா எவ்வளவு குறைவாக அசைகிறார் என்று எங்களில் ஒருவரும் அளந்து பார்த்ததில்லை. கிளினிக்கில் நடக்கச் சொல்லித்தான் இருந்தார்கள். அம்மாவும் சொல்லிக்கொண்டுதான் இருந்தா.

அப்பாவிடம் விசயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப மணிக்கூட்டில பிழையில்லை எண்டுறாய்" என்றார். பிறகு ஒன்றும் கதைக்கவில்லை. அன்று பின்னேரம் சந்திவரை நடந்துவிட்டு வந்தார். மறுநாள் நடக்கவில்லை, முழங்கால் வீங்கியிருந்தது. அதற்கடுத்த நாள் நடந்தார்.

இப்ப சில நாள் விடியவும் ஓடிக்கொண்டிருக்கிறது. சில நாள் மூன்று மணியிலேயே நின்றுவிடுகிறது. நின்ற நாளில் அம்மா ஒன்றும் சொல்வதில்லை. தேத்தண்ணியோடு மணிக்கூட்டையும் எடுத்துக்கொண்டு போய் அப்பாவின் கையில் கொடுக்கிறா. அவர் அதை அரை நிமிடம் ஆட்டி, நேரம் சரிபார்த்து, கட்டிக்கொள்கிறார்.