கைக்கு ஒரு ஹெல்மெட்!

"கிளவுஸ் வாங்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னதும் மனைவி கேட்ட முதல் கேள்வி: "பாத்திரம் தேய்க்கவா?"

அவள் கண்ணில் தெரிந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"இல்லம்மா... பைக் ஓட்ட."

"அதானே பார்த்தேன்!" என்று உள்ளே போய்விட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஊரில் கிளவுஸ் என்றால் ஆபரேஷன் தியேட்டர் டாக்டர், விக்கெட் கீப்பர், அப்புறம் ஸ்கூட்டரில் போகும் பெண்கள் முழங்கைக்கு மேல்வரை இழுத்து விட்டுக்கொள்ளும் காட்டன் உறை. அந்த உறையும் வெயிலுக்காக. தார் ரோட்டுக்காக அல்ல. எங்கள் ஆபீஸ் ஷெட்டில் சுமார் அறுபது வண்டி நிற்கும். ஹெல்மெட் எல்லோரிடமும் இருக்கிறது (சிலரிடம் பெட்ரோல் டேங்க் மேல் இருக்கிறது, அது வேறு விஷயம்). கிளவுஸ் மூன்றே பேர். அதில் ஒருவர் செக்யூரிட்டி.

சட்டமும் தலையோடு நின்றுவிட்டது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 129-ம் பிரிவில் ஹெல்மெட் பற்றிச் சொல்கிறது. 2015 ஜூலை 1 முதல் சென்னை ஹைகோர்ட் உத்தரவுப்படி போலீஸ்காரர்கள் மூலைக்கு மூலை நின்று அதை நமக்கு ஞாபகப்படுத்தினார்கள். கைக்கு மட்டும் கேட்பார் இல்லை. பிரான்ஸ் தேசத்தில் 2016 நவம்பரிலிருந்து கிளவுஸ் இல்லாமல் பைக் ஓட்டினால் 68 யூரோ அபராதம். நம்மூரில் அப்படி ஒரு சட்டம் வந்தால் குரோம்பேட்டை சிக்னலில் என்ன ஆகும் என்று கற்பனை செய்து பார்த்தேன். ஒரு ஜோடி கிளவுஸை இரண்டு பேர் ஆளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு போவார்கள்.

சரி, எனக்கு ஏன் இந்த திடீர் அக்கறை? காரணம் எங்கள் அக்கவுன்ட்ஸ் நண்பர்.

மழை பெய்த மறுநாள். திருப்பத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து போட்ட மணல். நண்பர் முப்பது கிலோமீட்டர் வேகத்தில்கூட வரவில்லை. முன் சக்கரம் வழுக்கியது. அவ்வளவுதான். ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இடது உள்ளங்கைத் தோல் ரோட்டோடு போய்விட்டது. நர்ஸம்மா இடுக்கியால் ஒவ்வொரு பொடிக் கல்லாக எடுத்தபோது, "சார், எண்ணிச் சொல்லவா?" என்று கேட்டாராம்.

அது சின்னக் கஷ்டம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். பன்னிரண்டு நாளாகியும் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டுப் பள்ளத்தில் வலி போகவில்லை. மறுபடி எக்ஸ்ரே. அப்போதுதான் தெரிந்தது, ஸ்கேஃபாய்ட் எலும்பு உடைந்திருக்கிறது.

இந்த ஸ்கேஃபாய்ட் ஒரு முந்திரிப் பருப்பு அளவுதான். கிரேக்க மொழியில் படகு என்று அர்த்தமாம். முதல் எக்ஸ்ரேயில் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்வது இதன் வழக்கம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ரத்தக் குழாய் இந்த எலும்புக்குள் விரல் பக்கத்திலிருந்து நுழைந்து மணிக்கட்டுப் பக்கமாகப் பின்னோக்கி ஓடுகிறது. நடுவில் உடைந்தால் பின்னால் இருக்கும் துண்டுக்கு ரத்தம் சரியாகப் போவதில்லை. தெருக்கோடியில் பைப் உடைந்தால் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் வராத கதை. அதனால் ஆறுவதற்கு மாசக்கணக்காகும். நண்பருக்கு ஐந்து மாசம். சட்டைப் பித்தானை மனைவிதான் போட்டுவிட வேண்டும். இரண்டு வயசுப் பெண் குழந்தை, தூக்கச் சொல்லிக் கையை நீட்டும். தூக்க முடியாது. பிறகு அது தூக்கச் சொல்வதை விட்டுவிட்டு மாவுக்கட்டை டொக் டொக் என்று தட்டி விளையாட ஆரம்பித்தது. இதைச் சொல்லும்போது நண்பர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

விழும்போது கை தானாக முன்னால் நீளும். யோசித்து நீட்டுவதில்லை, அது பிறவிக் குணம். உள்ளங்கையின் அடிப்பகுதிதான் முதலில் தரையைத் தொடும். தொட்ட இடத்திலேயே கை பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. உடம்பு மட்டும் பழைய வேகத்தில் வந்துகொண்டே இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது மணிக்கட்டு. அதனால்தான் நல்ல கிளவுஸில் உள்ளங்கையின் அடியில் வழவழவென்று கெட்டி பிளாஸ்டிக் துண்டு ஒன்று வைத்திருப்பார்கள். ஸ்லைடர் என்று பெயர். கை ரோட்டைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று. இதை வைத்தால் எலும்பு உடையவே உடையாது என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். ஆனாலும், தோலோ எலும்போ, ரோட்டுக்கும் அதற்கும் நடுவில் ஏதாவது ஒன்று இருப்பது நல்லதுதானே.

பைக் சாமான் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. சனிக்கிழமை மத்தியானம் போனேன். கூடவே மச்சினன். புல்லட் வைத்திருக்கிறான். மாசம் ஒரு தடவை ஏலகிரி போய் டீ குடித்துவிட்டு வருகிறவன்.

"மாமா, வாங்கினா ஃபுல் லெதர், முழங்கை பாதி வரைக்கும் வர்ற மாதிரி வாங்கிடுங்க. ரேஸ்ல போடறது."

போட்டுப் பார்த்தேன். பிரமாதமான கிளவுஸ். கை ரெண்டும் வேறு யாருடையதோ மாதிரி கம்பீரமாக இருந்தன. ஐந்தே நிமிஷத்தில் உள்ளே சாம்பார் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. 2003 மே மாதம் 45 டிகிரியைத் தொட்ட ஊர் சார் இது. நான் போவது ஏலகிரி அல்ல, ஜி.எஸ்.டி. ரோடு. வண்டி ஓடும்போது காற்று வரும், சரி. மீனம்பாக்கத்தில் நிற்கும்போது? இந்தக் கிளவுஸை வாங்கினால் இரண்டாம் நாள் கழற்றி சீட்டுக்கு அடியில் வைப்பேன். மூன்றாம் நாளிலிருந்து அது சீட்டுக்குத்தான் பாதுகாப்பு.

இன்னொரு கடையில் எதிர்த் துருவம். பாதி விரல் கிளவுஸ், இருநூற்றைம்பது ரூபாய். "ரொம்ப ஃப்ரீயா இருக்கும் சார், காத்து நல்லா வரும்" என்றார் கடைக்காரர். வரும்தான். விரல் நுனி வெளியே நிற்கும்போது வராமல் என்ன செய்யும்? விரல் பத்தையும் வெளியே விட்டுவிட்டு எதைக் காப்பாற்றுகிறோம் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பக்கத்தில் முட்டிக்கு முட்டி கறுப்பு பிளாஸ்டிக் கவசம் வைத்த ஒன்று. பார்த்தால் வில்லன் மாதிரி. அமுக்கிப் பார்த்தால் அந்தக் கவசம் அப்பளம் மாதிரி வளைந்தது. உள்ளே பஞ்சு இல்லை. உள்ளங்கையில் வெறும் துணி. எல்லாப் பாதுகாப்பும் மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற பக்கம் மட்டும்! விழுகிறவன் புறங்கையை ஊன்றியா விழுவான்?

நான் தேடியது நடுத்தரமான ஒன்று. புறங்கைப் பக்கம் வலைத் துணி, காற்று புக. உள்ளங்கைப் பக்கம் தோல், ரோடு புகாமலிருக்க. தோலிலும் ஆட்டுத்தோல் என்றால் உத்தமம். மெல்லிசாக இருந்தாலும் கெட்டி, சீக்கிரம் கைக்குப் படியும். ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் உலகத்துக்கே தோல் அனுப்புகின்றன. அடையாறில் 1948-லிருந்து மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அப்படியும் இந்த மாநிலத்தில் ஒருவன் வெறுங்கையோடு பைக் ஓட்டுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

மெத்து மெத்தென்று உள்ளங்கையில் ஜெல் வைத்தது ஒன்று காட்டினார்கள். சொகுசு என்று தோன்றும். ஆனால் பிடி தடிமனாகிவிடுகிறது. தடித்த பிடியை நாள் முழுக்க இறுக்கிப் பிடித்தால் முன்னங்கை கெஞ்சும். அதனால் ஜெல் வேண்டாம் என்றேன்.

கண்ணாடி முன்னால் கிளவுஸ் போட்டுப் பார்க்கிறவர்களைக் கவனித்தேன். எல்லோரும் கையை நீட்டி, விரலை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். யாராவது அப்படி வண்டி ஓட்டுகிறார்களா? நான் கிளவுஸோடு வெளியே வந்து என் வண்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைப் பையன் பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தான், ஓடிவிடுவேன் என்று நினைத்திருப்பான். ஹேண்டில் பாரைப் பிடித்து, கிளட்ச் பிடித்து, பிரேக்கில் இரண்டு விரல் வைத்து, ஹாரன் அடித்து (பையன் காதைப் பொத்திக்கொண்டான்), இண்டிகேட்டர் போட்டுப் பார்த்தேன். முதல் ஜோடியில் கட்டைவிரல் நுனியில் அரை அங்குலம் காலியாக ஆடிக்கொண்டிருந்தது. இண்டிகேட்டர் போடப் போய் ஹாரன் அடித்தது. இரண்டாவதில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தையல் உறுத்தியது. கடையில் லேசாக உறுத்துவது கிண்டி போய்ச் சேர்வதற்குள் கொப்புளமாகும். மூன்றாவது ஜோடி பிடித்தபடியே வளைந்து கொடுத்தது. விரல்களை முன்கூட்டியே வளைத்துத் தைத்திருந்தார்கள்.

இன்னும் ஒரு பரீட்சை பாக்கி. மணிக்கட்டுப் பட்டையை இறுக்கி ஒட்டிவிட்டு, மச்சினனைக் கூப்பிட்டு, "விரலைப் பிடிச்சு இழுடா, கழற்றிக் காட்டு" என்றேன். மாமனைப் பழிவாங்க இப்படி ஒரு வாய்ப்பு எந்த மச்சினனுக்குக் கிடைக்கும்? நடு ரோட்டில் கயிறு இழுக்கும் போட்டி நடந்தது. கிளவுஸ் வரவில்லை, நான்தான் போனேன். விழும்போது கையிலிருந்து பறந்துவிடும் கிளவுஸ் எத்தனை நல்ல தோலாக இருந்து என்ன?

உள்ளே தைத்திருந்த சின்னச் சீட்டையும் பார்த்தேன். வெறும் 'சி.இ.' என்று போட்டிருந்தால் போதாது, அதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஒரு மோட்டார் சைக்கிள் படமும், 'இ.என். 13594' என்ற நம்பரும், பக்கத்தில் லெவல் 1 அல்லது 2 என்றும் இருக்க வேண்டும். ஐரோப்பிய அளவுகோல். ஓடும் உப்புத்தாள் பெல்ட் மேல் உள்ளங்கைத் தோலை வைத்துத் தேய்ப்பார்கள். லெவல் 1 என்றால் 4 விநாடி தாங்க வேண்டும், 2 என்றால் 8 விநாடி. "நாலு விநாடிதானா?" என்று மச்சினன் உதட்டைப் பிதுக்கினான். நாற்பது கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 11 மீட்டர். அந்த வேகத்தில் விழுகிறவன் தார் ரோட்டில் தேய்ந்து நிற்க இரண்டு விநாடிகூட ஆகாது. வெறும் தோல் எவ்வளவு தாங்கும் என்பதை அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் பார்த்தாகிவிட்டது. லெவல் 1-க்கு முட்டிக் கவசம் கட்டாயமில்லை, சோதித்த கவசம் இருந்தால் 'கே.பி.' என்று தனியாகப் போட்டிருப்பார்கள். தினசரி ஆபீஸ் போகிறவனுக்கு லெவல் 1, கே.பி. போதும் என்பது என் கட்சி. மச்சினன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் கிளவுஸ் பெரும்பாலான நாட்கள் பீரோவில்தான் இருக்கிறது.

இரண்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. ஒரு செருப்பின் விலை என்று மனைவியிடம் சொன்னேன். "யார் செருப்பு?" என்றாள்.

எட்டு மாசமாகப் போடுகிறேன். வெயிலில் வியர்க்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். வியர்வை உப்பு ஏறினால் தோல் விறைத்துவிடும். மாசம் ஒரு தடவை மிதமான சோப்புத் தண்ணீரில் ஈரத் துணியால் துடைத்து, நிழலில் காயப்போடுகிறேன். வெயிலில் போட்டால் அப்பளமாகிவிடும். செல்போன் திரையைத் தொட விரல் நுனியில் ஏதோ ஸ்பெஷல் துணி வைத்திருந்தார்கள், அது மூன்றாம் மாசமே வேலை செய்வதை நிறுத்திவிட்டது. வண்டியில் போகும்போது வரும் போன்களை எடுக்காததற்கு இப்போது நியாயமான காரணம் இருக்கிறது.

போன வாரம் நண்பர் என் சீட்டுக்கு வந்தார். மறுபடி வண்டி எடுத்திருக்கிறார். "எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க சார், அளவு எப்படி எடுக்கறது?" என்றார். கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளைச் சுற்றி டேப் வைத்து அளக்க வேண்டும். ஸ்டோர்ஸிலிருந்து டேப் வாங்கி வந்து அளந்தேன். வலது கை எட்டரை அங்குலம். இடது கை எட்டே கால்தான் வந்தது. தப்பாக அளந்துவிட்டேனோ என்று இன்னொரு தடவை சுற்றினேன்.

"கட்டுக்குள்ளயே இருந்ததுல இளைச்சுப் போச்சு சார், இன்னும் பழையபடி வரலை" என்றார், கையை மடக்கி மடக்கி விரித்தபடி.

கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரே ஜோடியில் இரண்டு சைஸ் தர முடியாது என்றார்கள். வலது கைக்கான சைஸிலேயே வாங்கிவிட்டு, இடது கைப் பட்டையை ஒரு சுற்று கூடுதலாக இறுக்கிக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். சனிக்கிழமை போகிறோம். குழந்தையையும் கூட்டிவருகிறாராம், தூக்கிக்கொண்டு.