ஒரே ஒரு நேயர்

ஆஸ்திரேலியாவின் ஏபிசி வானொலியில் பிலிப் ஆடம்ஸ் 33 ஆண்டுகள் இரவு 10 மணிக்கு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து கிளாடிஸ் என்ற பெண்மணியோடு பேசிக்கொண்டிருந்தார். கிளாடிஸ் என்று யாரும் கிடையாது. ‘லேட் நைட் லைவ்’ என்ற தன் நிகழ்ச்சியை நாட்டில் ஒரே ஓர் ஆள்தான் கேட்கிறார் என்று தன்னையே கேலி செய்துகொள்ள அவர் வைத்துக்கொண்ட பெயர் அது. கேலி ஒட்டிக்கொண்டது. கேட்பவர்கள் எல்லாரும் கிளாடிஸ்கள் ஆகிவிட்டார்கள்.

இணையம் வந்த பிறகு நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். சிட்னியில் இரவு 10 என்றால் நமக்கு மாலை 5.30, அங்கே கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே தள்ளி வைக்கும் மாதங்களில் 4.30. அவர்கள் விளக்கை அணைக்கும் நேரத்துப் பேச்சு, நமக்குக் காபி நேரத்துப் பேச்சு. தாஷ்கண்டில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய எலெனா கட்ஸ்-செர்னின் எழுதிய ‘ரஷ்யன் ராக்’ பல வருடங்கள் நிகழ்ச்சியின் முகப்பு இசை. கொஞ்சம் நொண்டி நடக்கிற மாதிரி ஓர் இசை. அது முடிந்ததும் ஆடம்ஸ் அவசரமே இல்லாமல் ஆரம்பிப்பார்.

ஒரு மணி நேரத்துக்குள் கான்பெரா அரசியல் வரும், அமெரிக்க அரசியல் வரும், பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒரு தொல்லியல்காரரோ வானியல்காரரோ வந்து உட்காருவார். இதற்கும் அதற்கும் என்ன முடிச்சு என்று யாரும் விளக்க மாட்டார்கள். அடுத்தது என்ன என்று தெரியாததால்தான் நகராமல் உட்கார்ந்திருப்போம். நானாகத் தேடிப்போய் எகிப்திய மம்மி பற்றி ஒரு வரிகூடப் படித்திருக்க மாட்டேன்.

ஆடம்ஸ் எந்தப் பல்கலைக்கழகத்திலும் தயாரானவர் அல்ல. 1939இல் பிறந்தவர்; பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டவர்; விளம்பரத் துறையில் வளர்ந்தவர். வெயிலால் வரும் தோல் புற்றுநோய்க்கு எதிராக, சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று 1981இல் ஆஸ்திரேலியர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பிரபலமான விளம்பரம் அவருடைய நிறுவனத்தில் பிறந்தது. கோடிப் பேருக்குப் போகிற செய்தியை ஒவ்வொருவரும் தனக்கென்றே சொன்னதாக நினைக்கும்படி சொல்வதுதான் விளம்பரக்காரரின் வித்தை. சோப்பு விற்கவும் உதவும் அந்த வித்தையை அவர் இரவில் அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் பயன்படுத்தினார்.

நம் பக்கத்து வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதனுக்கு இந்த வித்தை கைவந்திருந்தது. ‘இன்று ஒரு தகவல்’ கேட்ட ஒவ்வொருவரும் அவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதாகவே நினைத்தார்கள். ஆனால் தென்கச்சி தானே சொன்னவர். ஆடம்ஸின் வேலை அடுத்தவரைச் சொல்லவைப்பது. அதில் ஒரு கஷ்டம் உண்டு. வந்திருப்பவர் பெரிய படிப்பாளி. தன் துறைக்காரர்களோடு பேசியே பழகியவர். அவரை இழுத்துக்கொண்டு வந்து கிளாடிஸ் முன்னால் உட்காரவைக்க வேண்டும். கிளாடிஸுக்கு விவரம் தெரியாமலிருக்கலாம். ஆனால் அவர் முட்டாள் அல்ல. இந்த இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பது லேசான காரியமில்லை. முதலாவதை மறந்தால் பேச்சு யாருக்கும் புரியாது. இரண்டாவதை மறந்தால் அது பாலர் வகுப்பாகிவிடும். நம் தொலைக்காட்சிகளின் இரவு விவாதங்களில் நான்கு கட்டங்களுக்குள் நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும்போது, அவர்கள் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்பதே தெரிவதில்லை. நிச்சயம் ஓர் ஆளைப் பார்த்து அல்ல.

விலாங்கு மீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடம்ஸுடையதைப் போன்ற ஓர் இரவுப் பேச்சுக்கென்றே படைக்கப்பட்ட பிராணி அது. அரிஸ்டாட்டில் அது சேற்றிலிருந்து பிறக்கிறது என்று நினைத்தார். 1876இல் ஒரு மாணவர் திரியெஸ்தே நகரில் ஆண் விலாங்கின் விந்தகத்தைத் தேடி ஏறத்தாழ 400 மீன்களை அறுத்துப் பார்த்தார். அவர் பெயர் சிக்மண்ட் பிராய்டு. டென்மார்க்கின் யோஹானஸ் ஷ்மிட் 1904இல் தொடங்கி ஏறக்குறைய 20 ஆண்டுகள் கடலில் அலைந்து, ஐரோப்பிய விலாங்கு சர்காசோ கடலில் குஞ்சு பொரிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். சிட்னியின் சென்டெனியல் பூங்காக் குளங்களில் வாழும் விலாங்குகளும் சும்மா இருப்பதில்லை. பல வருடங்கள் குளத்தில் கிடந்துவிட்டு, வேளை வந்ததும் ஈரப் புல்லிலும் வடிகாலிலும் ஊர்ந்து கடலைப் பிடித்து, ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தள்ளி நியூ கலிடோனியாப் பக்கம் போய் முட்டையிட்டுச் சாகின்றன. தத்துவம், மனோதத்துவம், கடலியல், நகராட்சி வடிகால் என்று ஒரே மீனுக்குள் இத்தனை கிடக்கிறது. ஆனால் இதைப் பட்டியலாக ஒப்பித்தால் ஐந்தாவது நிமிடத்தில் தூக்கம் வந்துவிடும். “அது சாலையை எப்படிக் கடக்கிறது?” என்று யாராவது குறுக்கே கேட்க வேண்டும்.

ஆடம்ஸ் 2024 ஜூனில் விடைபெற்றார். டேவிட் மார் என்ற பத்திரிகையாளர் அந்த நாற்காலிக்கு வந்தார். எழுத்தாளர் பேட்ரிக் வைட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். குரல் மாறியிருக்கிறது, நிகழ்ச்சி நடக்கிறது. ஆள் போனாலும் கேட்கிற முறையைக் கைமாற்றிக் கொடுக்க முடியும் என்பது ஆறுதலான விஷயம். அது ஒருவருடைய தனித்திறமை மட்டுமாக இருந்திருந்தால் அவரோடு முடிந்திருக்கும்.

விலாங்கின் கதையை ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். அரிஸ்டாட்டிலும் பிராய்டும் அவரை அசைக்கவில்லை. முடித்ததும், “அப்பனும் ஆத்தாளும் அங்கயே செத்துப்போச்சுன்னா, குஞ்சுக்கு இந்தக் குளத்துக்கு வழி யாருடா சொன்னா?” என்றார். திரும்பப் போய்ப் படித்தேன். யாரும் சொல்வதில்லை. கண்ணாடி போன்ற குஞ்சுகளை நீரோட்டம் கரைப்பக்கம் கொண்டுவந்து விடுகிறது. வாய்த்த ஆற்றில் ஏறிக்கொள்கின்றன. தாய் இருந்த குளமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இதைச் சொன்னதும் அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை: “அப்ப பொறந்த ஊருங்கிறதே அதுக்குக் கிடையாதா?”

அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து அந்த மீனைத் துரத்திய படிப்பாளிகளை இந்தக் கேள்வியோடு ஓர் இரவு வானொலியில் உட்காரவைத்துப் பார்க்க எனக்கு ஆசை.