மலாவி ஏரி நம் வீட்டில்

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி ஏறக்குறைய 580 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் தென்கரைப் பூங்கா 1984-இல் உலகப் பாரம்பரியத் தலமாயிற்று. அங்கே பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும் ‘முபுனா’ சிக்லிட் மீன்கள் நம் வீட்டுத் தொட்டியிலும் வாழும். ஆனால் மீன் வாங்குமுன் ஏரியை அமையுங்கள்.

ஏரி நீர் கடினமானது, காரத்தன்மை உடையது. நம் மழைநீரோ மென்மையானது. ஆகவே வடிகட்டியில் பவளத் துண்டுகளை இடுங்கள். முதலில் கற்களை அடுக்கி, பிறகே மணலைப் பரப்புங்கள். மீன்கள் தோண்டினால் மணல்மேல் வைத்த கல் சரிந்துவிடும். இடுக்குகள் நிறைய இருந்தால்தான் வலிய மீனிடமிருந்து எளிய மீன் தப்பும். இறைச்சி வேண்டாம், பாசி உணவே ஏற்றது.

தாய்மீன் சுமார் மூன்று வாரம் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பூகோளப் பாடம் தானே மனத்தில் பதியும்.