மாமரத்தடியில் ஒரு விருந்தாளி

சினிமாவுக்கும் ஒரு கலாசாலை உண்டா என்று கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். உண்டு, நேயர்களே. அதில் சேருவதற்கு முதலில் பட்டதாரியாக வேண்டும் என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் ஆச்சரியப்படுவீர்கள்.

இந்தக் கலாசாலைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் வருகிற செய்திகள் இரண்டே வகை. அங்கே படித்த யாருக்காவது பரிசு கிடைத்தால் ஒரு செய்தி. மாணவர்கள் கோபித்துக்கொண்டு வகுப்புக்குப் போக மறுத்தால் இன்னொரு செய்தி. மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. இன்றைக்கு வெளியிலிருந்து யார் வந்து பேசினார், என்ன பேசினார் என்பதே அது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டுக் காகிதத்தோடு அந்தச் செய்தி முடிந்துபோகிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேச ஆசை.

எனக்கு இந்த விஷயத்தில் திடீரென்று அக்கறை வந்ததற்கு எங்கள் தெரு மாமி ஒருத்தர்தான் காரணம். பத்திரிகையில் வேலை செய்கிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. "ஏம்மா, நீயே சொல்லு. பி.எஸ்ஸி. பாஸ் பண்ணின பெண், இனிமேல் பொம்மைப் படம் போடப் படிக்கப் போகிறேன் என்கிறாளே! இதெல்லாம் ஒரு படிப்பா? மூன்று வருஷம் கழித்து நடுத்தெருவில் நின்றால் யார் பதில் சொல்வது?" என்று கேட்டார். கேள்வி நியாயமான கேள்வி. பெண்ணின் மூன்று வருஷம் என்பது எந்தத் தாயாருக்கும் சின்ன விஷயம் அல்ல. உடனே பதில் சொல்லாமல், "கொஞ்சம் விசாரித்துச் சொல்கிறேன், மாமி" என்றேன்.

விசாரணையைப் புனேயிலிருந்து ஆரம்பித்தேன். நம் பெரியவர்கள் பூனா என்பார்களே, அதேதான். அங்கே ஒரு காலத்தில் பிரபாத் ஸ்டூடியோ கொடிகட்டிப் பறந்தது. 1936-ல் 'சந்த் துக்காராம்' படத்தை எடுத்தவர்கள் அவர்கள். பிற்பாடு அந்தக் கம்பெனி நொடித்துப்போய், 1960-ல் அதே இடத்தில் மத்திய சர்க்கார் திரைப்படக் கலாசாலையை ஸ்தாபித்தது. அந்த வளாகத்தில் ஒரு மாமரம் உண்டு. அதற்கு மாணவர்கள் 'ஞான மரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வகுப்பில் விளங்காதது அந்த மரத்தடியில் விளங்குமாம்!

1960-களின் நடுவில் அந்தக் கலாசாலைக்கு வங்காளத்திலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் ரித்விக் கட்டக். உதவி முதல்வர் என்று பதவி. ஆனால் அங்கே அவர் நிலைத்து உட்காரவில்லை. கொஞ்ச காலந்தான் இருந்தார். ஆகையால் அவரையும் ஒரு விருந்தாளி என்றே வைத்துக்கொள்ளலாம்.

இவர் என்ன பெரிய வெற்றி வீரரா? இல்லவே இல்லை. 1952-ல் அவர் எடுத்த முதல் படம் 'நாகரிக்' பெட்டிக்குள்ளேயே கிடந்தது. 1976-ல் அவர் காலமாகி, அடுத்த வருஷந்தான் அது வெளிவந்தது. தம் முதல் படம் வெளியானதைப் பார்க்கும் பாக்கியம் கூட அவருக்கு இல்லை. அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றார்கள்! வீட்டில் யாராவது இப்படிச் செய்வோமா? வியாபாரத்தில் நஷ்டப்பட்டவரை அழைத்து நம் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தரச் சொல்வோமா?

ஆனால் நடந்தது என்ன? அப்போது அவரிடம் படித்தவர்களில் மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் ஆகிய மூவரும் பிற்காலத்தில் தங்களுக்கென்று ஒரு வழி வகுத்துக்கொண்ட டைரக்டர்கள் ஆனார்கள். ஜான் ஆபிரகாம் கேரளத்துக்காரர். ஆனாலும் 1977-ல் நம் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவர் அவர்தான். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. வங்காளத்து மனிதர் ஒருவர் மராட்டிய நாட்டில் ஒரு மலையாளப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது, தமிழ்நாட்டு அக்ரஹாரத்தில் வந்து முளைத்தது பார்த்தீர்களா!

விருந்தாளிகளில் ஒரு பெண்மணியும் உண்டு. இங்கிலாந்திலிருந்து 1950-களில் நம் தேசத்துக்கு வந்த மேரி சீட்டன், ஊர் ஊராகப் போய், சினிமாவை எப்படிப் பார்ப்பது என்று பேசினார். சினிமாவைப் பார்க்கவும் பாடம் வேண்டுமா என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆக்ராவில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்த சதீஷ் பகதூர் சிரிக்கவில்லை. இந்த ரசனைப் பாடத்தையே தம் தொழிலாக எடுத்துக்கொண்டார். 1963-ல் புனே கலாசாலைக்கு வந்து, சுமார் இருபது வருஷம் மாணவர்களுக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

சரி, மாமியின் பெண் கேட்டது பொம்மைப் படம் ஆயிற்றே? அதன் சங்கதியையும் கேளுங்கள். திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சித்திரத்தையும் இரண்டு தடவை காமிராவில் பிடித்தால், விநாடிக்குப் பன்னிரண்டு வரைந்தால் போதும். அப்படியும் ஒரு நிமிஷத்துக்கு 720 சித்திரங்கள்! இன்று கம்ப்யூட்டர் வந்து கையின் சுமையைக் குறைத்துவிட்டது. ஆனாலும் மான் எப்படித் திரும்பிப் பார்க்கும், கிழவி எப்படி எழுந்து நிற்பாள் என்பதைக் கண்ணால் பார்த்து மனத்தில் வாங்கிக்கொள்ளும் வேலையை மனுஷர்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

இந்த வித்தைக்கும் ஒரு விருந்தாளிதான் இங்கே விதை போட்டார். டிஸ்னி ஸ்டூடியோவில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் என்பவர் 1956-ல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து சில இளைஞர்களைப் பழக்கினார். மறு வருஷமே புத்த ஜாதகக் கதை ஒன்று 'தி பனியன் டீர்' என்ற படமாக உருவாயிற்று. அந்த இளைஞர்களில் ஒருவரான ராம் மோகனை இந்திய அனிமேஷனின் தந்தை என்று இன்று சொல்கிறார்கள். 2014-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கினார்கள். 2019-ல் காலமாகும் வரை எத்தனையோ பேருக்கு அவர் கற்றுக்கொடுத்தார். விருந்துக்கு வந்தவர் போய்விட்டார்; அடுப்பு அணையவில்லை.

ஊசியும் நூலும் பிடிக்கிற நேயர்களுக்கு ஒரு விசேஷச் செய்தி. ஆமதாபாத் தேசிய டிசைன் கலாசாலையில் வெகு காலம் அனிமேஷன் கற்பித்தவர் நீனா சப்னானி. பிரிவினையின்போது பிரிந்துபோன இரண்டு சிறுவர்களின் கதையை, துணியை வெட்டி ஒட்டுத் தைக்கும் கைவேலைப் பாணியில் 'முகுந்த் அண்ட் ரியாஸ்' என்ற படமாக்கினார். பிறகு 2009-ல் கட்ச் பிரதேசத்துப் பெண்களிடம் போய் உட்கார்ந்தார். ஊர் விட்டு ஊர் வந்த தங்கள் கதையை அவர்களே தையலாகத் தைத்தார்கள், அவர்களே பேசினார்கள். அந்தத் தையல் திரையில் நடந்தது, ஓடியது. நாம் பொழுதுபோக்கு என்று நினைக்கும் கைவேலையில் ஒரு சரித்திரமே அடங்கிக் கிடக்கிறது என்று காட்டிவிட்டார்!

பெண்களுக்கு இந்தப் படிப்பு சரிப்படுமா என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ரேணு சலூஜா டைரக்‌ஷன் படிக்கத்தான் புனேக்கு மனுப் போட்டார், கிடைத்தது எடிட்டிங். கிடைத்ததைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டு, நான்கு தடவை தேசிய விருது வாங்கினார். பாயல் கபாடியாவின் பெயர் நான் முதலில் சொன்ன இரண்டு வகைச் செய்தியிலும் வந்திருக்கிறது. 2015-ல் புனேயில் 139 நாள் நடந்த மாணவர் வேலைநிறுத்தத்தில் அவர் ஒருவர். 2024-ல் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரீ பரிசை வாங்கி வந்தவரும் அவரே.

இவ்வளவையும் விசாரித்த பிறகு மாமியிடம் நான் சொன்னது இதுதான். எந்தக் கலாசாலையும், மூன்று வருஷம் கழித்துப் பெண்ணுக்கு வேலை நிச்சயம் என்று எழுதித் தராது. தருகிறேன் என்று விளம்பரம் செய்கிற இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கட்டடம் எத்தனை மாடி, கம்ப்யூட்டர் எத்தனை என்று கேட்பதோடு நிறுத்தாமல், இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே வெளியிலிருந்து யார் யார் வந்து பேசுகிறார்கள்? வருகிறவர் மாலை போட்டுக்கொண்டு, படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறாரா, மாணவரின் வேலையைக் கையில் வாங்கிப் பார்த்துக் குறை சொல்கிறாரா? தாம் ஜெயித்த கதையோடு தோற்ற கதையையும் சொல்கிறாரா? கல்கத்தாவில் 1995-ல் சத்யஜித் ராய் பெயரில் ஏற்பட்ட சர்க்கார் கலாசாலையில் அனிமேஷனும் சொல்லித்தருகிறார்கள். அங்கே போனாலும் சரி, நம்மூரிலேயே தனியார் பள்ளிக்குப் போனாலும் சரி, கேள்வி ஒன்றுதான்.

நாலாவதாக ஒன்றும் உண்டு. அதைக் கலாசாலையிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு பெரிய விருந்தாளி வந்து பேசினாலும், கடைசியில் "யாராவது ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று ஒரு நிமிஷம் வரும். அந்த நிமிஷத்தில் எழுந்து நின்று கேட்கிற பெண்ணுக்குத்தான் அந்தப் பேச்சு சொந்தமாகும். "பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே" என்றே வளர்த்த பெண்ணுக்கு அந்தத் தைரியம் அங்கே போய்த் திடீரென்று எங்கிருந்து வரும்? அதை நம் வீட்டுக் கூடத்திலேயே பழக்கி அனுப்ப வேண்டாமா, சொல்லுங்கள்!