யூவி லைட்டுக்கு முன்னால்

சோளகம் வீசும் மாதங்களில் மன்னார்த் தீவின் தென்கரைக் கடல் கலங்கிப் பழுப்பேறிக் கிடக்கும். வாடை தொடங்கினால் தெற்கு தெளியும், வடக்கே பாக்கு நீரிணைப் பக்கம் கலங்கும். மீன்பிடிக்கிறவர்களுக்கு இது கரை மாறி வாடி போடும் கணக்கு. கடலட்டைக் குஞ்சு பொரிக்க வைக்கிறவர்களுக்கோ இது தண்ணீர்க் கணக்கு.

அரசுத் தரப்பில், தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையான நக்டாவின் நிலையம் ஓலைத்தொடுவாயில் இருக்கிறது. நான் போனது தனியார் ஒருவரின் சிறிய பொரிப்பகம். தகரக் கூரை, பைபர் தொட்டிகள், காற்றுக் குழாய்களின் ஓயாத குமிழிச் சத்தம். சோளகம் உச்சத்தில் இருக்கிற காலத்திலேயே போக வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். தெளிந்த கடலில் எல்லா வடிகட்டியும் நல்ல வடிகட்டிதான்.

கடலட்டைக் குஞ்சு பொரிக்கும் இந்தக் கைவேலை பிறந்தது எதிர்க்கரையில். 1988இல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் டி.பி. ஜேம்ஸும் அவரோடு இருந்தவர்களும் வெள்ளை அட்டையைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தார்கள். 2001இல் இந்தியா கடலட்டை பிடிப்பதையே தடைசெய்துவிட்டது. கற்ற வித்தை வியட்நாம், மடகஸ்கார் என்று சுற்றிவிட்டு இப்போது மன்னார்க் குடாவின் இந்தப் பக்கத்தில் கரையேறியிருக்கிறது. தூத்துக்குடிக்காரர்களுக்கு இதில் வயிற்றெரிச்சல் இருந்தால் அது நியாயந்தான்.

பொரிப்பகத்தில் தண்ணீருக்குப் பொறுப்பான அண்ணன் முன்பு மன்னார் நகரில் வண்ண மீன் கடை வைத்திருந்தவர். என்னை முதலில் கூட்டிப்போய் நிறுத்தியது யூவி என்கிற புறஊதாக் கதிர்க் கருவிக்கு முன்னால். வருகிற எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்களாம். ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஒரு குழாய், உள்ளே குவார்ட்ஸ் கண்ணாடி உறை, அதற்குள் விளக்கு. மூடியின் சின்னத் துளை வழியாக நீலம் தெரிகிறது.

"இந்த நீலத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது தம்பி. வேலை செய்யிற கதிர் கண்ணுக்குத் தெரியாது. லைட் எரியும், ஆனா ஒண்டும் சாகாது. அதுதான் இஞ்ச தேதி எழுதி வைச்சிருக்கிறன்."

குழாயில் மார்க்கர் பேனாவால் விளக்கு மாட்டிய நாள் எழுதியிருந்தது. இந்த வகை விளக்குகளின் வீரியம் 8,000 முதல் 9,000 மணி நேரம் வரை நிற்கும். ஓயாமல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு வருடம். பிறகு நீல வெளிச்சம் மட்டும் மிஞ்சும். 254 நானோமீட்டர் அலைநீளக் கதிர் நுண்ணுயிரின் மரபுப் பொருளைக் குலைத்து, அதைப் பெருக முடியாமல் ஆக்குகிறது. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும் என்பதால்தான் குவார்ட்ஸ் உறை. விளக்கைத் துணி சுற்றித்தான் தொடுவார். விரலின் எண்ணெய் பட்டால் அந்த இடம் கருகும். உறையில் உப்பும் சுண்ணாம்பும் படியும். வினாகிரியில் நனைத்த துணியால் அவர் துடைத்துக் காட்டியபோது வெள்ளையாக ஒரு படலம் கையோடு வந்தது. உறை பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது!

கடல் நீர் ஒரு மில்லிலீற்றரில் பத்து லட்சம் அளவுக்குப் பாக்டீரியா இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோனிலும் சிறியவை. எந்தத் துணியாலும் முழுக்க மறிக்க முடியாது. ஆகவே லைட் வேண்டும். ஆனால் கலங்கிய நீரில் கதிர் ஓடாது. ஒரு சேற்றுத் துகளின் நிழலில் ஒளிந்துகொண்டு பாக்டீரியா தாண்டிப் போய்விடும். எனவே லைட்டுக்கு முன்னால் நடக்கிற வேலைதான் வேலை. கடலிலிருந்து வந்த நீர் ஒரு தொட்டியில் அடையும், பிறகு மணல் வடிகட்டி, பிறகு நீளமான துணிப்பைகள்: 10 மைக்ரோன், 5, 1. பைகளை இங்கே சாக்ஸ் என்கிறார்கள்.

சாக்ஸ் கழுவுவது இரண்டு அக்காமார். சோளகத்தில் காலையும் மாலையும் கழுவ வேண்டும். பையை உட்புறம் வெளியே திருப்பி, நல்ல தண்ணீரில் அலசி, தையலை விரலால் தடவிப் பார்த்து, நிழலில் காயப்போடுகிறார்கள். தேய்க்கவோ முறுக்கிப் பிழியவோ கூடாது, நூலிடை விரியும். "கள்ளைப் பன்னாடையில வடிக்கிற மாதிரித்தான், பன்னாடை கிழிஞ்சா ஈ குடிக்க வேண்டியதுதான்" என்றார் மூத்தவர். பனை வளவில் வளர்ந்தவர் அவர்.

ஈ இங்கே வேறு பெயரில் வருகிறது: கோப்பிபொட். இறால் இனத்தின் தூரத்து உறவு, ஊசிமுனை அளவு. அட்டைக் குஞ்சுகளின் தீனியைத் தின்னும், குஞ்சுகளையே காயப்படுத்தும். முட்டையிட்ட இரண்டாம் நாளில் உருவாகும் இளங்குடம்பி ஒளி ஊடுருவும் சிறு செருப்பு வடிவம். மிதக்கும் பாசி தின்று சுமார் இரண்டு வாரம் நீந்தும், பிறகு உருமாறித் தட்டுகளில் ஒட்டும். அந்த இரண்டு வாரத்தில்தான் முதல் போகும் அல்லது நிற்கும். பாக்டீரியாவைச் செயலிழக்க வைக்கிற கதிருக்கு வளர்ந்த கோப்பிபொட் பெரும்பாலும் அசையாது. நுண்ணோக்கியில் அது ஒன்று துள்ளினால் இவர்கள் லைட்டைப் பார்ப்பதில்லை, சாக்ஸின் தையலைப் பார்க்கிறார்கள். அக்காமாரின் விரல்கள் தடவுவது அதற்காக.

குடம்பித் தொட்டிகளில் சுற்றி ஓடும் வடிகட்டி எதுவுமில்லை. வைத்தால் தீனிப் பாசியும் குடம்பியும் சேர்ந்தே உள்ளே போகும். யூவி தண்ணீர் நிரப்பும்போது மட்டும். நீர் மாற்றுவது 80 மைக்ரோன் வலை வழியாக, சைபன் குழாயால்.

சுற்றி ஓடுகிற வகையும் அங்கே ஒன்று இருந்தது. பாடசாலைப் பிள்ளைகள் வந்தால் காட்டுவதற்கென அலுவலக அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதன் கீழ் கறுப்பு கனிஸ்டர் பில்டர், உள்ளேயே யூவி பொருத்தியது. அண்ணன் அதைத் திறந்து தட்டுத் தட்டாக எடுத்து வைத்தார்: கரடு ஸ்பொஞ்ச், மென் ஸ்பொஞ்ச், செரமிக் வளையங்கள், கடைசியில் சின்ன விளக்கு. வீட்டில் மீன் வளர்க்கிறவர்கள் இந்த விளக்கை நம்பி மோசம் போவதைக் கடைக்காலத்தில் நிறையப் பார்த்தவர்.

பச்சைத் தண்ணீர் தெளியும், அது உண்மை. மிதக்கும் பாசி விளக்கைக் கடக்கும்போது அழியும். கண்ணாடியில் ஒட்டிய பாசிக்கும் மீனின் உடம்பில் ஏறிவிட்ட நோய்க்கும் அந்த விளக்கு எட்டாது. பெரிய யூவியில் ஒவ்வொரு சொட்டும் ஒருமுறை கடந்தே ஆக வேண்டும். கனிஸ்டரில் கடந்த நீர் கடக்காத நீரோடு கலந்துவிடும். எண்ணிக்கை குறையும், ஒழியாது. அதிலும் பம்பை வேகமாக ஓடவிட்டால் நீருக்குக் கதிர் படும் நேரம் குறைகிறது. செரமிக் வளையங்களில் குடியிருந்து அமோனியாவை மாற்றித் தருகிற நல்ல பாக்டீரியாவுக்கு விளக்கால் பாதிப்பில்லை. அவை நீரில் மிதப்பதில்லை. தொட்டிக்கு மருந்து ஊற்றினால் மட்டும் யூவியை நிறுத்திவிட வேண்டும், பல மருந்துகளைக் கதிர் சிதைத்துவிடும்.

2022இல் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை போனது. மூடிய கனிஸ்டருக்குள் நீர் நின்றால் சில மணி நேரத்தில் பிராணவாயு தீர்ந்து அந்த நல்ல பாக்டீரியாவே அழுகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் சுவிட்சைப் போட்டவர்களின் தொட்டிகளில் அந்தச் சாக்கடை இறங்கியது. "கரண்ட் வந்தவுடன போடாதேங்கோ, திறந்து மணந்து பாருங்கோ, நாறினா கழுவிப்போட்டுப் போடுங்கோ எண்டு போனிலயே எத்தின பேருக்குச் சொன்னனான்" என்றார். பொரிப்பகத்துக்கு ஜெனரேட்டர் இருக்கிறது. வாசலில் நின்றால் தம்பபவனியின் காற்றாலைகள் சுற்றுவது தெரியும்; மொத்தம் 30. வெட்டு என்றால் அவற்றுக்கு அருகிலிருந்தும் டீசல்தான்.

முதலாளி இன்னும் பெரிய யூவி ஒன்று வாங்கித் தரலாம் என்றிருக்கிறார். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். அவர் எழுதிக் கொடுத்திருக்கிற பட்டியலில் இன்னொரு மணல் வடிகட்டி, ஒரு மைக்ரோன் சாக்ஸ் இரண்டு டசின், அக்காமார் நின்றபடி கழுவ இடுப்புயரத்தில் ஒரு சிமெந்துத் தொட்டி. சாக்ஸ் வந்துவிட்டது. மற்ற இரண்டும் வாடைக்கு முன் வரும் என்று சொல்லியிருக்கிறார்களாம். சோளகத்துக்குத்தான் அவை வேண்டும்.